கழுத்துல மட்டும் கொப்புளமா வருது, ஆனா தினம் ஷேவ் பண்ணியே ஆகணும், என்ன பண்றது?

சிப்காட்_ஷிஃப்ட்காரன் | ஞாயிறு இரவு 10:20

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் ஓல்டு டவுன்ல இருக்கேன், வயசு 27. சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில ஷிஃப்ட் வேலை. பிளான்ட் உள்ள போகணும்னா மூக்கு வாய் ரெண்டும் மூடுற ரப்பர் மாஸ்க் போடணும், அது மூஞ்சில ஒட்டி நிக்கணும்னா தாடி இருக்கக் கூடாது, அதனால தினம் ஷேவ் கட்டாயம். ரெண்டு நாள் தாடியோட போனா உள்ள விடமாட்டாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா கன்னத்துல எதுவும் இல்ல, தாடைக்கு கீழ கழுத்துல மட்டும் சின்ன சின்னதா கொப்புளம், அதுவும் வலது பக்கம் ரொம்ப. இன்னைக்கு காலைல கண்ணாடியில எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு இருக்கு. சிலதுல உள்ள கருப்பா முடி சுருண்டு கிடக்கிறது வெளிய இருந்தே தெரியுது. மறுநாள் ஷேவ் பண்ணும்போது அதுங்க தலை வெட்டிக்கிட்டு ரத்தம் வருது, அதுக்கு மேல மாஸ்க்கோட ரப்பர் விளிம்பு அழுத்தி எட்டு மணி நேரம் வேர்வையில ஊறுது. ராத்திரி தலகாணியில கழுத்து பட்டா எரியுது.

மூணு பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசர்தான் யூஸ் பண்றேன், டப்பா ஃபோம். காலைல 6 மணி ஷிஃப்ட்னா 5 மணிக்கு எழுந்து அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு ஓடணும். மெடிக்கல்ல கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கி போட்டேன், ரெண்டு வாரம் சூப்பரா அடங்குச்சு, நிறுத்தின உடனே முன்னவிட அதிகமா வந்துடுச்சு. வேலையை விட முடியாது, தங்கச்சி கல்யாணம் தை மாசம். யாருக்காவது இது மாதிரி வந்து சரியாகி இருந்தா சொல்லுங்கண்ணா.

முத்தியால்பேட்டை_சலூன் | ஞாயிறு இரவு 10:51

தம்பி, பாண்டில சலூன் வச்சிருக்கேன், எங்க தாத்தா காலத்துல இருந்து இதான் தொழில். மருந்து மாயம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க. முடி சுருட்டையா நேர் முடியா? எந்த தண்ணியில ஷேவ் பண்றீங்க? கழுத்துல கீழ இருந்து மேல இழுக்கறீங்களா மேல இருந்து கீழயா? ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை நாள் ஓட்டறீங்க?

சிப்காட்_ஷிஃப்ட்காரன் | ஞாயிறு இரவு 11:05

தலைமுடி நேர் முடிதாண்ணா, தாடி முடி மட்டும் சுருட்டை. போர் தண்ணி, நல்ல உப்பு, குழாய் வாய்ல வெள்ளையா படிஞ்சு கிடக்கும். கழுத்துல கீழ இருந்து மேலதான், அப்பதான் மழமழன்னு வருது, சில நாள் ரெண்டு தடவை மூணு தடவை கூட அழுத்தி இழுப்பேன், கையில தடவிப் பாத்தா சொரசொரன்னு எதுவும் தட்டக் கூடாதுன்னு. கார்ட்ரிட்ஜ் ஒரு மாசம் வரும்.

பண்ருட்டி_பலா | ஞாயிறு இரவு 11:18

ப்ரோ நானும் பத்து வருஷமா கார்ட்ரிட்ஜ்தான், அஞ்சு பிளேடு வச்சது, எனக்கு ஒரு பரு கூட வந்தது இல்ல. ரேசர் மேல பழி போடாதீங்க. ஒரு மாசம் ஒரே கார்ட்ரிட்ஜ் ஓட்டினா எந்த ரேசரா இருந்தாலும் கடிக்கத்தான் செய்யும். அத மாத்திப் பாருங்க முதல்ல, புது ரேசர் செலவு அப்புறம் பாத்துக்கலாம்.

கோரிமேடு_ரன்னர் | திங்கள் காலை 6:40

நான் இதே கஷ்டத்தை மூணு வருஷம் அனுபவிச்சவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்குங்க.

இதுக்கு பேரு சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. பேரு பெருசா இருக்கு, விஷயம் சின்னது. வெட்டின முடியோட நுனி திரும்ப தோலுக்குள்ளயே குத்துது, உடம்பு அத ஏதோ முள்ளு மாதிரி நினைச்சு சண்டை போடுது, அதான் கொப்புளம். ஜிப்மர்ல ஸ்கின் ஓபி போயிருந்தப்ப அங்க இருந்த டாக்டர் ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டினாங்க, அன்னைக்குதான் எனக்கு புரிஞ்சுது. ரெண்டு வழியில உள்ள போகுமாம். ஒண்ணு, முடி வெளிய வந்து சுருண்டு பக்கத்து தோல்ல குத்தறது. ரெண்டாவது, முடி வெளியவே வராம குழிக்குள்ளயே பக்கவாட்டுல குத்தறது. இந்த ரெண்டாவதுதான் பல பிளேடு ரேசர்ல அதிகம் வரும். முதல் பிளேடு முடியை பிடிச்சு லேசா மேல இழுக்கும், அது உள்ள போறதுக்குள்ள அடுத்த பிளேடு வெட்டிடும், வெட்டின மிச்சம் தோல் மட்டத்துக்கு கீழ போயிடும். 1971-ல கில்லெட் ரெண்டு பிளேடு ரேசர் கொண்டு வந்ததுல இருந்து விளம்பரத்துல பெருமையா சொல்றதே இந்த வேலையைத்தான். நேர் முடிக்காரங்களுக்கு அது மழமழப்பு, சுருட்டை தாடிக்காரங்களுக்கு அதுவே முள்ளு. பண்ருட்டி அண்ணாவுக்கு வரல, உங்களுக்கு வருதுன்னா வித்தியாசம் இங்கதான், அவர் சொல்றதும் பொய் இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்த ஆயின்மென்ட் ட்யூபை எடுத்து பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு இப்பவே பாருங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், இதுல ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்ட். போட்ட உடனே அடங்கும், நிறுத்தினா திரும்ப வரும், திரும்ப போட்டா தோல் மெலிஞ்சு சிவந்து போய் அது இல்லாம இருக்க முடியாத நிலைமை ஆகிடும். 2018-ல மத்திய அரசு பல ஸ்டீராய்ட் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு பட்டியல்ல சேர்த்தது இதனாலதான். நீங்களா கேட்டு வாங்கிப் போடாதீங்க, தயவு செஞ்சு.

முடிஞ்சா மூணு நாலு வாரம் ஷேவே பண்ணாம விட்டா உள்ள மாட்டின முடி வளந்து தானே நிமிந்து வெளிய வந்துடும், அதான் முதல் வைத்தியம். எனக்கு அதுலயே பாதி சரியாச்சு. உங்க வேலையில அது முடியுமான்னு தெரியல.

கெடிலக்கரை_பெருசு | திங்கள் காலை 9:15

தம்பி, எனக்கு வயசு 71. மஞ்சக்குப்பத்துல குடியிருக்கேன். டாக்டர் விஷயம் அந்த தம்பி சொன்னது சரி. நான் தண்ணி விஷயம் சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல பாதி பேருக்கு அதுதான் வில்லன், யாரும் அதை கவனிக்கறது இல்ல.

போர் தண்ணியில உப்பு மட்டும் இல்ல, சுண்ணாம்பு சத்து இருக்கு, அதான் குழாய்ல வெள்ளையா படியுறது. அது சோப்போட சேந்தா நுரை வராம திரிதிரியா பிரிஞ்சு போயிடும். நீ குளிக்கும்போது பக்கெட்ல மேல வெள்ளையா ஆடை மாதிரி மிதக்குமே அதே சமாச்சாரம்தான் மூஞ்சிலயும் ஒட்டும். அந்த நுரைக்கு வழுவழுப்பே இருக்காது, பிளேடு வறண்ட தோல்ல ஓடற மாதிரிதான். டப்பா ஃபோம்ல நுரை ரெடியா வரதால உனக்கு அது தெரிய வரல, ஆனா மூஞ்சி நனைக்கறது, ரேசர் அலசறது, கடைசியா கழுவறது எல்லாம் அந்த தண்ணியிலதானே.

காய்ச்சினா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க. காய்ச்சினா சுண்ணாம்புல ஒரு பகுதி பாத்திரத்துல அடியில படியும், மீதியும் உப்பும் அப்படியேதான் நிக்கும். அதுக்கு சுலபமான வழி, குடிக்கிற கேன் தண்ணியில இருந்து ஒரு சொம்பு எடுத்து வெதுவெதுன்னு சுட வச்சுக்கோ. ஒரு ஆள் ஷேவுக்கு ஒரு சொம்பு தாராளம், அரை சொம்புலயே முடிக்கலாம். ஐப்பசி கார்த்திகையில நான் மொட்டைமாடி மழைத் தண்ணியை ஒரு குடத்துல துணி கட்டிப் பிடிச்சு வச்சுப்பேன். அந்த தண்ணியில கிரீம் ஒரு கொண்டக்கடலை அளவு போட்டு பிரஷ்ல சுத்தினா கிண்ணம் பூரா தயிர் மாதிரி கெட்டியா நுரை வரும் பாரு, போர் தண்ணியில அதே கிரீம் மூணு மடங்கு போட்டாலும் அப்படி வராது. நாளைக்கே ரெண்டு டம்ளர் எடுத்து, ஒண்ணுல போர் தண்ணி, ஒண்ணுல கேன் தண்ணி ஊத்தி, ரெண்டுலயும் துளி சோப்பு போட்டு குலுக்கிப் பாரு, உனக்கே தெரியும்.

எங்க காலத்துல இதெல்லாம் எங்க. கார்பன் பிளேடு, கடல் காத்துக்கு ஒரே ராத்திரியில துரு ஏறிடும். எங்க அப்பா கண்ணாடி டம்ளர் உள்பக்கம் பிளேடை படுக்க வச்சு ரெண்டு விரலால அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பாரு, கிறீச் கிறீச்சுனு சத்தம் வரும், அந்த சத்தம் கேட்டாதான் எங்களுக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு பிளேடு ஒரு மாசம் அப்படி ஓட்டுவாரு. இப்ப ஸ்டெயின்லெஸ் பிளேடு அவ்வளவு சல்லிசா கிடைக்கும்போது ஒரு மாசம் ஒண்ணையே ஓட்டணும்னு அவசியமே இல்ல தம்பி.

சேஃப்டி_ஹெல்மெட் | திங்கள் மதியம் 1:30

நான் சேதராப்பட்டு பக்கம் ஒரு ஃபேக்டரியில சேஃப்டி டிபார்ட்மென்ட்ல இருக்கேன். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். ரப்பர் மாஸ்க் ஓரத்துக்கும் தோலுக்கும் நடுவுல முடி இருந்தா அந்த இடைவெளியில காத்து உள்ள புகுந்துடும், ஃபில்டர் வழியா வராது, அப்புறம் எவ்வளவு காஸ்ட்லி மாஸ்க் போட்டும் பிரயோஜனம் இல்ல. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்பை பாக்கற ஓஷாங்கற அரசு அமைப்போட விதி 1910.134-லயும் இதான் எழுதியிருக்கு. உங்க கேட்ல நிறுத்தறவர் உங்க உயிருக்குதான் நிறுத்தறாரு.

ஆனா ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, விளிம்பு படற இடம் மட்டும் சுத்தமா இருந்தா போதும். மீசை மாஸ்க்குக்குள்ள அடங்கி வால்வுல படாம இருந்தா வச்சுக்கலாம், அமெரிக்காவுல நியாஷ்ங்கற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 2017-ல எந்த தாடி மீசை சரி எது தப்புன்னு படமாவே போட்டிருக்காங்க. உங்க மாஸ்க் பாதி மூஞ்சி மாடல்னா அதோட கீழ் விளிம்பு மேவாய்க்கு அடியில நிக்கும், தொண்டைக் குழி வரைக்கும் போகாது. அதனால கழுத்துல கீழ்ப்பகுதிய தினமும் மழிக்கணும்னு மாஸ்க் கேக்கல, நீங்களா பண்றீங்க. மாஸ்க்கை போட்டு கழட்டிட்டு கண்ணாடியில பாருங்க, ரப்பர் அச்சு எது வரைக்கும் விழுந்திருக்குன்னு தெரியும். அதுக்கு ரெண்டு விரக்கடை கீழ வரைக்கும் ஷேவ் பண்ணுங்க, மீதி கழுத்தை ட்ரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு ஓட்டுங்க.

ரெண்டாவது, தலை மேல மாட்டற தளர்வான ஹூட் மாடல் இருக்கு, பேட்டரி ஃபேன் வச்சு காத்து ஊதும், அதுக்கு ஷேவ் தேவையே இல்ல. விலை ஜாஸ்திதான், எல்லா இடத்துலயும் தர மாட்டாங்க, ஆனா தோல் டாக்டர் சீட்டோட போய் கேட்டா மூணு வாரம் மாஸ்க் தேவைப்படாத ஏரியாவுக்காவது மாத்தி விட வாய்ப்பு இருக்கு. கேக்காம இருக்காதீங்க.

சிப்காட்_ஷிஃப்ட்காரன் | திங்கள் இரவு 9:02

ட்யூபை பாத்தேன். க்ளோபெட்டசால் போட்டிருக்கு. தூக்கிப் போட்டுட்டேன்.

ரெண்டு டம்ளர் சோதனையும் பண்ணேன் ஐயா. போர் தண்ணியில சோப்பு தயிர் திரிஞ்ச மாதிரி மிதக்குது, கேன் தண்ணியில டம்ளர் விளிம்பு வரைக்கும் நுரை. அம்மாவைக் கூப்பிட்டு காட்டினேன், அவங்க துணி துவைக்கிறதுக்கு ஏன் அவ்வளவு சோப்பு ஆவுதுன்னு இப்பதான் தெரியுதுங்கறாங்க.

மாஸ்க் அச்சு மேவாய்க்கு கீழ ஒண்ணரை இஞ்ச் கூட இல்ல, நான் இத்தனை நாளா தொண்டை முட்டு வரைக்கும் தினம் ஷேவ் பண்ணிட்டு இருந்திருக்கேன். புதன்கிழமை லீவு போட்டு தோல் டாக்டரை பாக்கப் போறேன்.

முத்தியால்பேட்டை_சலூன் | செவ்வாய் மதியம் 12:10

இன்னைக்கு செவ்வாய், கடை லீவு, அதனால உக்காந்து பொறுமையா எழுதறேன்.

தம்பி முதல்ல உங்க முடி வாக்கு எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு நாள் தாடி இருக்கும்போது விரல் நுனியை கழுத்துல வச்சு மேல கீழ இடது வலதுன்னு நாலு பக்கமும் தடவுங்க. எந்தப் பக்கம் போனா பூனை முதுகு மாதிரி வழுக்கிட்டு போகுதோ அதான் வாக்கு, எந்தப் பக்கம் முள்ளு மாதிரி தடுக்குதோ அது எதிர். கன்னத்துல எல்லாருக்கும் பெரும்பாலும் கீழ் நோக்கித்தான் இருக்கும். கழுத்துலதான் சூட்சுமம். என் கடைக்கு வர்றவங்கள்ல பல பேருக்கு கழுத்துல முடி கீழ இருந்து மேல வளரும், சிலருக்கு காதுப் பக்கம் சாயும், சிலருக்கு சுழி இருக்கும். வலது பக்கம் ஒரு வாக்கு இடது பக்கம் வேற வாக்குன்னும் இருக்கும். உங்களுக்கு வலது பக்கம் மட்டும் ஜாஸ்தி வருதுன்னா நிச்சயமா அங்க வாக்கு வேற. ஒரு பேப்பர்ல கழுத்து மாதிரி வரைஞ்சு அம்பு போட்டு கண்ணாடி பக்கத்துல ஒட்டிக்குங்க, பத்து நாள்ல கை தானா பழகிடும்.

இப்ப முறை. குளிச்சு முடிச்ச உடனே ஷேவ் பண்ணுங்க, குளிக்க நேரம் இல்லன்னா சுடுதண்ணியில துண்டு நனைச்சு பிழிஞ்சு மூணு நிமிஷம் கழுத்துல சுத்தி வைங்க. காஞ்ச தாடி முடி கம்பி மாதிரி, ஊறின முடி நூல் மாதிரி, அந்த மூணு நிமிஷத்துலதான் பாதி ஷேவிங் இருக்கு. எங்க அப்பா கஸ்டமரை உக்கார வச்சு நுரை போட்டுட்டு கத்தியை தோல்வார்ல தீட்டிக்கிட்டே ஊர்க் கதை எல்லாம் பேசுவாரு, நான் சின்ன பையன், ஏன் இவ்வளவு நேரம் இழுக்கறாருன்னு நினைப்பேன். அவர் முடி ஊற நேரம் விடறாருன்னு தொழிலுக்கு வந்த அப்புறம்தான் புரிஞ்சுது.

ரேசர் வந்துட்டு, ஒரே பிளேடு ரேசருக்கு மாறுங்க, டபுள் எட்ஜ் பிளேடு, அதாவது ரெண்டு ஓரமும் கூரா இருக்கற பிளேடு போடற பழைய மாடல். பிடி தோல்ல இருந்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்வுல நிக்கணும், அழுத்தவே கூடாது, ரேசரோட வெயிட்டே போதும். பிடியோட கடைசியில மூணு விரலால பிடிச்சா அழுத்த நினைச்சாலும் வராது. ஒரு இஞ்ச் இழுக்கறது, அலசறது, அடுத்த இஞ்ச். தோலை ரொம்ப இழுத்துப் பிடிக்காதீங்க, இழுத்து வெட்டினா விட்ட உடனே முடி உள்ள போயிடும். வாக்குல ஒரு தடவை, அதோட நிறுத்துங்க. இன்னும் வேணும்னா திரும்ப நுரை போட்டு குறுக்குல ஒரு தடவை. எதிர்ல வேண்டவே வேண்டாம். கடையில கூட நிறைய பேர் எதிர்ல ஒரு கை போடுங்கன்னு கேப்பாங்க, சுருட்டை தாடிக்காரங்களுக்கு நான் போடறது இல்ல, கோச்சுக்கிட்டு போனவங்க கூட உண்டு.

நாலு ஷேவ், மிஞ்சினா அஞ்சு, பிளேடு மாத்திடுங்க. 2020-ல அமெரிக்காவுல எம்ஐடியில ஆராய்ச்சி பண்ணி சயன்ஸ் பத்திரிகையில போட்டிருந்தாங்க, என் பையன் படிச்சு சொன்னான், முடி பிளேடு ஸ்டீலை விட ஐம்பது மடங்கு மெத்துனு இருந்தும் பிளேடு ஓரத்துல சில்லு சில்லா பேத்து எடுக்குதாம், அதுவும் முடி வளைஞ்சு கொடுக்கும்போது. கண்ணுக்குத் தெரியாத அந்த சில்லுதான் தோலை பிராண்டும்.

முடிச்சதும் குளிர்ந்த தண்ணி, அப்புறம் படிகாரக் கட்டி. ஈரத்துல லேசா தடவி ஒரு நிமிஷம் விட்டு கழுவிடுங்க, எங்கயாவது வெட்டி இருந்தா ரத்தம் நிக்கும், எங்க அழுத்தி இருக்கீங்களோ அங்க சுருக்குனு காட்டிக் கொடுக்கும். ஸ்பிரிட் வாடை அடிக்கிற ஆஃப்டர்ஷேவ் விட்டுடுங்க.

ஒரு விஷயம், வெளிய எங்க ஷேவ் பண்ணிக்கிட்டாலும் உங்க கண்ணு முன்னாடி புது பிளேடு பிரிக்க சொல்லுங்க. நான் பேப்பரோடயே பிளேடை நடுவுல மடக்கி டக்குனு ஒடச்சு கஸ்டமருக்கு காட்டிட்டுதான் கத்தியில சொருகுவேன். மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்புக்கு வெளிய ஏழு நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். வீட்டுலயும் அண்ணன் தம்பி ஒரே ரேசர் யூஸ் பண்ணாதீங்க.

பண்ருட்டி_பலா | செவ்வாய் மாலை 4:45

அண்ணா நல்லா எழுதியிருக்கீங்க, வாக்கு பாக்கற விஷயம் எனக்கே புதுசு. நான் தடவிப் பாத்தேன், எனக்கு கழுத்து பூரா நேரா கீழதான் போகுது, அதான் எந்த ரேசரும் ஒத்துக்குது போல. ஆனா காலைல அஞ்சு மணிக்கு தூக்கக் கலக்கத்துல ஒத்த பிளேடு ரேசரை புதுசா பழகறது ரிஸ்க், லீவு நாள்ல பழகட்டும் முதல்ல. அதுல எனக்கு மாற்றம் இல்ல.

சண்டேமார்க்கெட்_வேட்டை | செவ்வாய் இரவு 8:30

பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில பழைய சாமான் போடறவங்க கிட்ட அப்பப்ப பழைய சேஃப்டி ரேசர் வரும், சலூன் அண்ணா சொன்ன அந்த ஒத்த பிளேடு மாடல்தான். நான் நாலு எடுத்திருக்கேன். பித்தளை மேல பாலிஷ் போட்டது, கையில எடுத்தாலே கனம் தெரியும். 1904-ல கிங் கேம்ப் கில்லெட் காப்புரிமை வாங்கின அதே தத்துவம்தான், மெல்லிசான பிளேடை ரெண்டு தகடுக்கு நடுவுல வளைச்சு பிடிக்கறது, இன்னைக்கு வர புது ரேசர்லயும் அதுல மாற்றம் இல்ல.

வாங்கும்போது ரெண்டு பாருங்க. பிளேடு போட்டு இறுக்கினா ரெண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளிய தெரியணும், ஒரு பக்கம் ஜாஸ்தி நீட்டிட்டு இருந்தா அது தோலை வெட்டும். மூடி தகட்டுல இருக்கிற மரை தேயாம இருக்கணும். வீட்டுக்கு வந்து சோப்பு போட்ட வெதுவெது தண்ணியில ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சா பழைய நுரை எல்லாம் பச்சையா கழண்டு வரும், அப்புறம் ஸ்பிரிட்ல துடைச்சுடுங்க. ஆனா தம்பிக்கு இப்ப தோல் புண்ணா இருக்கு, அதனால பழசு வேண்டாம், புதுசே வாங்குங்க, மென்மையான மாடல்னு கேட்டு வாங்குங்க. நம்ம ஊர் கடல் காத்துக்கு ரேசரை பாத்ரூம்ல விடாதீங்க, துடைச்சு உள்ள கொண்டு வந்து வைங்க.

வடலூர்_தங்கச்சி | புதன் காலை 10:05

அண்ணா நடுவுல வரதுக்கு மன்னிச்சுக்குங்க. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் வரல, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க. நான்தான் ஷேவ் பண்ணி விடறேன், போன வாரம் சின்னதா ஒரு வெட்டு, ரத்தம் நிக்கவே அரை மணி நேரம் ஆச்சு, பயந்துட்டேன். அப்பா எப்பவும் ஷேவ் பண்ணிட்டுதான் வெளிய போவாரு, தாடியோட யாராவது பாக்க வந்தா மூஞ்சிய திருப்பிக்கறாரு. அவருக்கு எது பாதுகாப்பு?

முத்தியால்பேட்டை_சலூன் | புதன் இரவு 9:40

தங்கச்சி, அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு பிளேடு வேண்டாம்மா. எலக்ட்ரிக் ஷேவர் வாங்குங்க, டாக்டர்களும் அதைத்தான் சொல்வாங்க. வலைத்தகடு மாதிரி இருக்கறது ஒண்ணு, வட்ட வட்டமா சுத்தறது ஒண்ணு. வலைத்தகடு மாடலை நேரா ஓட்டணும், வட்டத்தை சின்ன சின்ன வட்டமா ஓட்டணும், மாத்தி ஓட்டினா இழுக்கும். மூஞ்சி நல்லா காஞ்சு இருக்கணும், அதனால குளிப்பாட்டறதுக்கு முன்னாடி பண்ணுங்க. ரெண்டு மூணு நாள் தாடி ஆயிட்டா ஷேவருக்கு சிக்காது, முதல்ல ட்ரிம்மர் ஓட்டிடுங்க. முதல் ரெண்டு மூணு வாரம் லேசா சிவக்கும், அப்புறம் தோல் பழகிடும்.

அப்பாவை சாய்ச்சு உக்கார வச்சு நெஞ்சுல துண்டு போட்டுக்குங்க. வராத பக்கம் கன்னம் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், காதுக்கு முன்னாடி இடது கை விரலை வச்சு லேசா மேல இழுத்துப் பிடிச்சா தட்டையா கிடைக்கும். முடிச்சுட்டு கண்ணாடியை அவர் கையில, வர்ற கையில குடுங்க. நான் வீட்டுக்குப் போய் ஷேவ் பண்ற பெரியவங்க எல்லாருக்கும் அப்படித்தான் குடுப்பேன், கிருதா சரியா இருக்கான்னு அவங்களே பாத்து சொல்லணும்.

கெடிலக்கரை_பெருசு | வியாழன் காலை 8:20

அம்மாடி, ஷேவரை நம்பறியே, ட்ரிம்மரை எப்பவும் முழு சார்ஜ்ல வை. 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப எங்க தெருவுல பல நாள் கரண்ட் இல்ல, கம்பம் எல்லாம் சாஞ்சு கிடந்துச்சு. ஐப்பசி வந்தாலே நான் எல்லாத்தையும் சார்ஜ் போட்டு வச்சுடுவேன்.

சிப்காட்_ஷிஃப்ட்காரன் | வியாழன் இரவு 10:30

டாக்டரை பாத்துட்டேன். கோரிமேடு அண்ணா சொன்ன அதே பேருதான் சொன்னாங்க. ராத்திரி போட ஒரு ஜெல், காலைல கழுவ பென்சாயில் பெராக்சைடு வாஷ், முடியை ஊசி வச்சு தோண்டி எடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. வாஷ் துண்டுல பட்டா வெளுத்துடுமாம், பழைய வெள்ளை துண்டா யூஸ் பண்ண சொன்னாங்க. சீட்டை எடுத்துட்டு சேஃப்டி ஆபீசர் சார் கிட்ட போனேன், பயந்துகிட்டேதான் போனேன். படிச்சுப் பாத்துட்டு மூணு வாரம் ஸ்டோர்ஸ்ல போட்டுட்டாரு. அங்க மாஸ்க் தேவை இல்ல. அந்த ஹூட் மாடல் பத்தியும் கேட்டேன், எழுதி அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு.

ட்ரிம்மர் மட்டும் ஓட்டிட்டு இருக்கேன். வாக்கு பாத்தேன் சலூன் அண்ணா. இடது பக்கம் மேல் நோக்கி. வலது பக்கம் காதுல இருந்து தொண்டைக்கு குறுக்கால போகுது, நான் இத்தனை வருஷமா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்திருக்கேன்.

கோரிமேடு_ரன்னர் | வியாழன் இரவு 10:48

முதல் பத்து நாள்ல முடி வளரும்போது அரிப்பு அதிகமா இருக்கும், கொப்புளம் கூட கொஞ்சம் ஏறின மாதிரி தெரியும். பயந்து போய் ஷேவ் பண்ணிடாதீங்க. ஒரு நாளைக்கு முடி அரை மில்லிமீட்டர் கூட வளராது, அது நிமிந்து வெளிய வர நாள் ஆகும். வெதுவெது துணியை வச்சு வட்டமா லேசா ஒத்தி எடுங்க, போதும்.

சிப்காட்_ஷிஃப்ட்காரன் | ஐந்து வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 8:15

எல்லாரும் கேட்டிருந்தீங்க, இப்பதான் எழுத முடிஞ்சுது. மூணு வாரம் ஸ்டோர்ஸ்ல இருந்தேன், பதினெட்டாவது நாள் ஒரு முடி வளையம் மாதிரி தோல்ல இருந்து எழும்பி நின்னுச்சு, துணியில ஒத்தும்போது தானா நிமிந்துடுச்சு, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அவ்வளவு நீளம் உள்ளயே சுருண்டு கிடந்திருக்கு.

அப்புறம் ஒத்த பிளேடு ரேசர் வாங்கினேன், பண்ருட்டி அண்ணா சொன்ன மாதிரி ரெண்டு லீவு நாள்ல பழகினேன். முதல் நாள் மேவாய்ல ஒரு சின்ன வெட்டு, படிகாரம் வச்சதும் நின்னுடுச்சு. இப்ப இருவது நிமிஷம் முன்னாடி எழுந்துக்கறேன். ராத்திரியே கேன் தண்ணி ஒரு சொம்பு எடுத்து அடுப்பு மேல வச்சுட்டு படுக்கறேன், அம்மா எழுந்து டீக்கு முன்னாடி அதை சூடு பண்ணி வச்சுடறாங்க. துண்டு, நுரை, இடது பக்கம் மேல, வலது பக்கம் காதுல இருந்து தொண்டைக்கு, வாக்குலயே ஒரே தடவை. கையில தடவினா லேசா சொரசொரன்னு தட்டுது, முன்ன மாதிரி மழமழன்னு இல்ல, முதல் நாள் அது மனசை உறுத்துச்சு, இன்னொரு தடவை இழுக்கலாமான்னு கை போச்சு, நிறுத்திட்டேன்.

திங்கள்கிழமை மறுபடி பிளான்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி மாஸ்க் டெஸ்ட் வச்சாங்க. தலைமேல ஒரு ஹூட் மாட்டி சாக்கரின் ஸ்ப்ரே அடிப்பாங்க, உள்ள இனிப்பு தெரிஞ்சா லீக்குன்னு அர்த்தம். தலையை ஆட்டினேன், குனிஞ்சேன், சத்தமா படிச்சேன், ஒரு துளி இனிப்பு தெரியல. மீசையும் அப்படியே இருக்கு. இன்னைக்கு காலைல எண்ணினேன், கொப்புளம் ரெண்டு, அதுவும் காஞ்சது. கறுப்பு தழும்பு இருக்கு, அது போக பல மாசம் ஆகும், வெயில்ல காட்டாதேன்னு டாக்டர் சொன்னாங்க. தை மாசத்துக்குள்ள மங்கிடும்னு நம்பறேன்.

ஒரே ஒரு சந்தேகம், பழைய பிளேடை எல்லாம் எங்க போடறது? குப்பையில போட மனசு வரல.

கெடிலக்கரை_பெருசு | ஞாயிறு இரவு 9:00

ரொம்ப சந்தோஷம் தம்பி. குப்பையில போடாத, காலைல அள்ள வர்ற பிள்ளைங்க கையால பிரிக்கறாங்க. காலியான பவுடர் தகர டப்பா ஒண்ணு எடுத்து மூடியை பசை போட்டு ஒட்டிட்டு, மேல பிளேடு நுழையற அளவு ஒரு கோடு கிழிச்சுக்கோ. என்னோட டப்பா 2014-ல வச்சது, இன்னும் நிறையல.

முத்தியால்பேட்டை_சலூன் | ஞாயிறு இரவு 9:25

தம்பி, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஷேவ் பண்ணாதீங்க, அன்னைக்கு காலைல பண்ணுங்க. பாண்டி பக்கம் வந்தா கடைக்கு வாங்க, வலது பக்கம் அந்த குறுக்கு வாக்கை நான் ஒரு தடவை நேர்ல பாக்கணும். செவ்வாய் மட்டும் வராதீங்க.